வேலூர் மணிக்கூண்டு: லாங்கு பஜாரில் நின்று படிக்க வேண்டிய ஒரு கல்

வேலூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் கோட்டை இருக்கும், அதற்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கும், 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரம் பொற்கோயில் இருக்கும், நேரம் மிச்சமிருந்தால் காட்பாடிக்கு அப்பால் உள்ள வள்ளிமலையும் சேர்ந்துகொள்ளும். லாங்கு பஜாரின் மணிக்கூண்டை மட்டும் யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய தேவையுமின்றி, நாள் முழுவதும் தெருவிலேயே நிற்கும் ஒரு வரலாற்றுச் சின்னத்தை இவ்வளவு பேர் தவறவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதனாலேயே ஓர் உணவகத்தையோ விடுதியையோ மதிப்பிடுவதைப் போல, அங்கே போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, யார் போகலாம், எப்போது போகலாம் என்று முறையாக எழுதலாம் என எண்ணினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அந்த நான்கும் கூண்டில் பதித்துள்ள கல்வெட்டுக்கும், அது நிற்கும் கடைத்தெருவுக்கும் உரியவை. குறைத்த ஒன்று, வருகிறவருக்கு அதை விளக்கிச் சொல்ல அங்கே ஏற்பாடு ஏதும் இல்லாமைக்கு உரியது.

இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. காட்பாடி சந்திப்பில் இறங்குகிறவர்கள் டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ பழைய பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டால் போதும். அங்கிருந்து லாங்கு பஜாருக்கு வழி கேட்டால் கைகாட்டாதவர் இல்லை. மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுக்க வரும் சிற்றூர்க் கடைக்காரர்களும், திருமணத்துக்குப் பாத்திரமும் மளிகையும் வாங்க வரும் குடும்பங்களும், “மணிக்கூண்டாண்ட நில்லு, வந்துடுறேன்” என்று கைப்பேசியில் சொல்லிக்கொள்வதை அந்தத் தெருவில் அடிக்கடி கேட்கலாம். கடிகாரம் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்ட இக்காலத்திலும், ஆளை ஆள் சந்திப்பதற்கு ஊரின் நடுவே அசையாமல் நிற்கும் ஒன்று தேவைப்படுகிறது. அந்த வேலையை இந்தக் கூண்டு இன்றும் குறைவின்றிச் செய்துவருகிறது. ஒரு நகரின் அடையாளச் சின்னம் என்ற அளவில் முதல் மதிப்பெண்ணை நான் இதற்கே கொடுப்பேன்.

கடைத்தெருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மணிக்கூண்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. லாங்கு பஜார் பெயருக்கேற்ப நீண்டு கிடக்கும் தெரு. மண்டித் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு, நேதாஜி மார்க்கெட் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் பழைய வணிகப் பகுதியின் முதுகெலும்பு அது. விடிவதற்கு முன்பே காய்கறி மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். குட்டியானை வண்டிகளும் தட்டுவண்டிகளும் ஒன்றை ஒன்று உரசாமல் திரும்பும் திறமை அங்கே மட்டும் காணக்கூடியது. பூக்கடைப் பக்கம் போனால் சாமந்தியும் மல்லிகையும் குவியல் குவியலாக இருக்கும். காய்கறிக் கடைகளில் இம்மாவட்டத்துக்கே உரிய முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். காம்பிலும் மேல்தோட்டிலும் முள் இருக்கும். வெந்தபின் வெண்ணெயாகக் குழையும். இலவம்பாடிப் பக்கத்தில் விளையும் இந்தக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் ஏன் வேண்டும் என்று கேட்கும் வெளியூர் நண்பர்களை நான் முதலில் இந்தச் சந்தைக்குத்தான் அழைத்துவருவேன்.

இத்தனை நெருக்கடிக்கு நடுவே நிற்பதால், மணிக்கூண்டைப் பார்க்கப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சென்னையில் ரிப்பன் மாளிகையின் கோபுரத்தை எதிரே உள்ள சாலையில் நின்று முழுவதுமாகக் கண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே அப்படிப் பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளும், தலைக்கு மேலே செல்லும் கம்பிகளும், நிறுத்தி வைத்த இருசக்கர வண்டிகளும் பார்வையை மறைக்கும். நடைபாதை என்று தனியாக எதுவும் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மாலை வேளையில் அழைத்துச் செல்லாதீர்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்தபடியே கூட்டிச் செல்லுங்கள். இந்தச் சிரமங்களையெல்லாம் தாண்டி அருகில் போய் நின்றபிறகு, கடிகாரத்தின் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கூண்டில் பதித்துள்ள கல்வெட்டைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதே இந்த மதிப்புரையின் வேண்டுகோள்.

அந்தக் கல்வெட்டு ஆங்கிலத்தில் உள்ளது. வேலூர் என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் தம் உயிரைத் தந்தனர் என்பதோடு முடிந்துவிடுகிறது. பெரும்போர் என்பது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர். கல்லில் வேறு எந்தச் செய்தியும் இல்லை. யார் யார் போனார்கள், எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள், எங்கே இறந்தார்கள், அவர்களின் தந்தை பெயர் என்ன, வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று ஒரு விவரமும் இல்லை. போருக்குப் பின் இந்தியா முழுவதும் படைவீரர்களை அனுப்பிய ஊர்களில் ஏறத்தாழ இதே வாசகத்தோடு கற்களை ஆங்கில அரசு பதித்தது. பஞ்சாபிலும் கார்வாலிலும் கொங்கணக் கரையிலும் உள்ள சிற்றூர்களில் இதே வகைக் கற்களைக் காணலாம். ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டுமே மாறும்.

இரண்டே இரண்டு எண்களுக்கு முன் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் யோசிக்க முடியும் என்று கேட்கலாம். நான் அந்தக் கல்லுக்கு முன் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 277இல் 14 கழிந்தால் 263 பேர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும். ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் திரும்பவில்லை. அப்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். ஆக, நாடு முழுவதற்குமான இழப்பின் விகிதத்துக்கு வெகு அருகிலேயே இந்த ஓர் ஊரின் கணக்கும் நிற்கிறது. பிரான்சு, மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, பாலத்தீனம் என்று இந்தியப் படைகள் சென்ற போர்முனைகளின் பெயர்களை இந்தத் தெருவில் அப்போது வாழ்ந்தவர்கள் முன்பின் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பாலாற்றின் கரையில் பிறந்து டைகிரிசு ஆற்றின் கரையில் நோயிலோ குண்டிலோ மடிந்தவர் இந்தப் பதினால்வரில் இருந்தாரா என்பதைக்கூட இந்தக் கல்லைக் கொண்டு சொல்ல முடியாது. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 செப்டம்பர் 22 அன்று, எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளின்மீது குண்டு வீசியது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ஓர் இரவை இன்றும் கதையாகச் சொல்கிறோம். இங்கிருந்து புறப்பட்டுப் போன 277 பேரைப் பற்றி அப்படி ஒரு கதையும் நம்மிடம் இல்லை.

பெயரில்லாமல் எண்ணை மட்டும் பொறிக்கும் வழக்கம் வேலூரோடு நின்றதன்று. ஈராக்கில் உள்ள பாசுரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேய வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டபோது, சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் மட்டுமே குறிக்கப்பட்டனர். அப்போரில் இறந்தவர்களுக்கு நினைவிடம் அமைக்கும் பொறுப்பை ஏற்ற ஆணையம் 1917இல் தொடங்கப்பட்டது. இறந்தோர் அனைவரையும் பதவியோ இனமோ பாராமல் ஒன்றுபோல் நினைவுகூர வேண்டும் என்பது அதன் கொள்கை. அக்கொள்கை ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் விஷயத்தில் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதையும், 45,000 முதல் 54,000 வரையிலானவர்கள் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்பதையும் அந்த ஆணையத்தின் இன்றைய வாரிசான அமைப்பே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இந்த அறிக்கையைப் பற்றித் தெரிந்துகொண்டு மணிக்கூண்டுக்குப் போவதற்கும், தெரியாமல் போவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. 14 என்ற எண் அப்போது ஓர் ஊரின் பெருமைக் குறிப்பாக மட்டும் தெரியாது. எழுதாமல் விடப்பட்ட பதினான்கு பெயர்களாகவும் தெரியும்.

அங்கே தரையில் கீரை பரப்பி வைத்திருந்த ஓர் அம்மாவிடம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். “அது வெள்ளக்காரன் காலத்துக் கல்லுப்பா, சண்டைக்குப் போனவங்க கணக்கு எழுதிக்கீது” என்றார் அவர், கட்டு பிரிப்பதை நிறுத்தாமலேயே. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவருக்குக் கல்லின் சாரம் தெரிந்திருக்கிறது; யாரோ ஒருவர் படித்துச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் வழிவழியாகக் கடை போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்திருக்க வேண்டும். கடைத்தெருவின் மக்கள் இந்தக் கல்லை மறந்துவிட்டார்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். படைக்கு ஆள் அனுப்புவது இந்த மாவட்டத்துக்குப் பழங்கதையும் அன்று. கணியம்பாடிக்கு அருகில் உள்ள கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது இராணுவத்தில் இருப்பார் என்பதால் அவ்வூரை இராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் அழைக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து வந்து லாங்கு பஜாரில் சரக்கு வாங்கித் திரும்புகிற ஒருவருக்கு இந்தக் கல்வெட்டு வெறும் தொல்லியல் பொருளாக இருக்க முடியாது.

கோட்டையையும் மணிக்கூண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோட்டைக்கு எதிரே மக்கான் பகுதியில் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சிக்கான நினைவுத்தூண் உள்ளது. நெற்றியில் சமயக்குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோல் பதக்கம் வைத்த புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று கம்பெனிப் படைத்தலைமை இட்ட ஆணைகள் சிப்பாய்களின் மனத்தைப் புண்படுத்தின; திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறை வைக்கப்பட்டிருந்த அந்தக் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேயப் படையினர் பலர் கொல்லப்பட்டனர். கோட்டையில் மைசூரின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே நடந்த இந்த எழுச்சியின் இருநூறாம் ஆண்டில், 2006இல், அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று அந்தத் தூணுக்கு மலர்வளையம் வைத்து மரியாதை செய்கிறார்கள். அது முற்றிலும் நியாயமான மரியாதை.

ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்கு அங்கே ஒரு தூண் நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ஆட்சிக்காகக் கடல் கடந்து போரிட்டவர்களுக்கு இங்கே ஒரு கல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நடந்துபோகும் நேரத்தில், சிப்பாய் என்பவர் யார், அவரை எது படைக்கு அழைத்துச் செல்கிறது, எது அவரைத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிக்க வைக்கிறது என்றெல்லாம் மனம் தானாகவே கேட்கத் தொடங்கும். வறுமையும் சம்பளமும் குடும்ப வழக்கமும் ஆள்சேர்ப்பவர்களின் வற்புறுத்தலும் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று இன்று நாம் பிரித்துச் சொல்ல முடியாது. போரிட்ட பக்கத்தைக் காரணம் காட்டி 277 பேரை நாம் நினைவிலிருந்து நீக்கிவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தாம். ஜூலை 10 அன்று மக்கானில் பூ வைக்கிறவர்கள், போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று லாங்கு பஜாருக்கும் ஒரு மாலையை எடுத்துவந்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. பூக்கடைகள் வேறு பக்கத்திலேயே இருக்கின்றன.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். பலரும் முதலில் கேட்கும் கேள்வி, கடிகாரம் ஓடுகிறதா என்பது. பொது இடத்துக் கடிகாரம் எதுவானாலும் பராமரிப்பைப் பொறுத்துச் சில காலம் ஓடும், சில காலம் நிற்கும். ஆகவே என் மதிப்பெண்ணை அதன் முட்களோடு கட்டி வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பழைய காலத்து மணிக்கூண்டு ஒன்றை ஓட வைப்பது எவ்வளவு உழைப்பு என்பதைத் தெரிந்துகொண்டால், நின்ற கடிகாரத்தைப் பார்த்து உடனே சலித்துக்கொள்ள மாட்டோம். மின்சாரம் வருவதற்கு முந்திய கூண்டுக் கடிகாரங்கள் பெரும்பாலும் எடையால் ஓடியவை. கனமான இரும்பு எடை ஒன்று கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். அது இறங்கும் விசை பற்சக்கரங்களைச் சுற்றும். ஊசல் ஒன்று இப்படியும் அப்படியும் வீசி, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பல் மட்டுமே நகரும்படி அந்த விசையைத் தடுத்து அளந்து விடும். எடை கீழே வந்துவிட்டால் ஆள் ஏறிப்போய்ச் சாவி கொடுத்து அதை மறுபடி மேலே தூக்க வேண்டும். நாகர்கோவிலில் 1893இல் திறக்கப்பட்ட மணிமேடைக் கடிகாரம் 60 அடிச் சங்கிலியில் தொங்கும் எடையால் ஓடுவது. அதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வேலூர் போன்ற ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வினாடிக்கு ஒரு பக்கமாக வீசும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டர். அதன் தண்டு எஃகால் ஆனதென்றால், வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடும்போது அது மயிரிழை அளவுக்கு நீளும். அந்த மயிரிழையே கடிகாரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 வினாடி பின்தங்க வைத்துவிடும். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டரை நிமிடம். மார்கழியில் சரியாக ஓடிய கடிகாரம் கத்திரி வெயிலில் பின்தங்கும். அதைத் திருத்துவதற்கென்று ஒருவர் ஊசலின் அடியில் உள்ள திருகைச் சிறிது முடுக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டிலேயே வெயிலுக்குப் பெயர்போன ஊர்களில் ஒன்றான வேலூரில் கடிகாரம் காப்பவரின் வேலை எளிதாக இருந்திருக்க முடியாது.

நேரத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் வட ஆற்காட்டுக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு தொடர்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் நம் வாலாஜா. ரயில்கள் பெருகியபோது எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரு நேரம் தேவைப்பட்டது. சென்னை வானாய்வகம் கணித்த சென்னை நேரம் இந்திய ரயில்வேயின் நேரமாக நெடுங்காலம் வழங்கியது. அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. வேலூர் அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால், மணிக்கூண்டு பன்னிரண்டு காட்டும்போது இங்கே சூரியன் உச்சிக்கு வர ஆண்டுச் சராசரியில் இன்னும் ஏறத்தாழ 13 நிமிடம் இருக்கும். சென்னை வானாய்வகத்தின் மரபு கொடைக்கானல் வழியாக இந்திய வானியற்பியல் நிறுவனமாக வளர்ந்து, சவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கிகளோடு தொடர்கிறது. ரயில் நேரத்தைக் கொடுத்த வானாய்வகத்தின் வாரிசு, பழைய வட ஆற்காட்டின் மலையொன்றிலேயே இன்றும் வானைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் மணிக்கூண்டின் அடியில் நிறுத்திச் சொன்னால், அது அவர்களுக்கு மறக்காது.

பிற ஊர்க் கூண்டுகளோடு ஒப்பிட்டால் கட்டடச் சிறப்பில் வேலூர் முதலிடம் பெறாது. கோயம்புத்தூர் நகர மண்டபத்துக்கு அருகில் உள்ள மணிக்கூண்டும், தஞ்சாவூர் இராசப்பா மணிக்கூண்டும் பார்வைக்கு அழகானவை. ரிப்பன் மாளிகைக் கடிகாரத்தின் மணியோசைக்கு ஈடு இங்கே இல்லை. எனினும், இந்த மாநிலத்தில் நான் பார்த்த கூண்டுகளில் ஓர் ஊர் மக்களின் உயிர்க் கணக்கைத் தாங்கி நிற்பது இது ஒன்றே.

குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்வெட்டின் பொருளைத் தமிழில் சொல்லும் பலகை ஒன்று எனக்குத் தென்படவில்லை. இரண்டு வரித் தமிழ்ப் பலகை வைப்பதற்குப் பெரும் செலவு ஆகாது, சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நாள்தோறும் மக்கள் வந்து தங்கும் ஊர் இது என்பதால், தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் அதை எழுதினால் பலர் நின்று படிப்பார்கள். கூண்டைச் சுற்றி நாலைந்து பேர் நிற்குமளவுக்காவது வண்டிகள் நிறுத்தாமல் இடம் விட வேண்டும். இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்றும் இருக்கிறது. அந்த 14 பேரின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போரில் இறந்தோரின் பட்டியல்கள் இன்று இணையத்தில் தேடக்கூடிய வகையில் கிடைக்கின்றன. சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் தரப்பட்டுள்ளன. உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு பருவத்தை இதற்கென்று ஒதுக்கினால், பதினான்கில் சிலரையாவது எண்ணிலிருந்து பெயருக்குக் கொண்டுவர முடியும் என்று நம்புகிறேன். வேலூரின் பழைய குடும்பங்களில் யாரிடமாவது போர்ப் பதக்கமோ கடிதமோ இருந்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்கோ குப்பைக்கோ அனுப்பிவிடாமல் காப்பாற்றி வையுங்கள் என்று இந்த மதிப்புரை வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

யார் போகலாம் என்றால், கடைத்தெருவின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லோரும் போகலாம். மருத்துவமனையில் முடிவுக்காகக் காத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு காலை நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்க இது ஏற்ற இடம். வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு கட்டாயம் பரிந்துரைப்பேன். அமைதியான சூழலில் உட்கார்ந்து ரசிக்க விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தாது. உட்காரவும் இடமில்லை, நிழலும் குறைவு, கழிப்பறைக்குப் பேருந்து நிலையம் வரைதான் திரும்பி வர வேண்டும். கார் எடுத்துக்கொண்டு உள்ளே நுழையவே நுழையாதீர்கள். கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

காலை ஆறிலிருந்து ஏழரை வரை சிறந்த நேரம். சந்தை அப்போது சுறுசுறுப்பாக இருந்தாலும் இருசக்கர வண்டிகள் குறைவாக இருக்கும். வெளிச்சமும் எழுத்துகளைப் படிக்க ஏற்றதாக இருக்கும். கல்லைப் படித்துவிட்டு, பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டு, மக்கான் தூண் வழியாகக் கோட்டைக்குச் சென்றால், கோயிலையும் அகழியையும் பார்த்து முடிக்கும்போது அருங்காட்சியகம் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றைய நாளைத் தவிர்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.